பாகவதரும் பேசும் படமும்

எம். கே. தியாகராஜ பாகவதரின் புகழ் சரிந்தது ஏன் என்று வினவினால், சிறைவாசம் என்று பலரும் ஒரே சொல்லில் விடை கூறிவிடுவர். பள்ளியில் வரலாறு கற்பித்த நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோதுதான் அவ்விடை போதாது என்று தோன்றியது.

அவர் 1910இல் மாயூரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர், வளர்ந்தது திருச்சிராப்பள்ளியில். இரயில்வே அதிகாரியும் நாடகப் பற்றாளருமான எப். ஜி. நடேசய்யர் அச்சிறுவனை லோகிதாசனாக மேடை ஏற்றினார். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்தவனுக்கும் குரல் எட்டினால்தான் அந்நாளில் நடிகன். அக்குரலே 1934இல் 'பவளக்கொடி' வாயிலாக அவரைத் திரைக்கு அழைத்து வந்தது. அப்படத்தில் ஏறத்தாழ ஐம்பது பாடல்கள்! உரையாடல் என்பது பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே மூச்சு வாங்கும் நேரம், அவ்வளவே. 1937இல் 'சிந்தாமணி', 'அம்பிகாபதி', 1941இல் 'அசோக்குமார்'. 1944 தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். அதே 1944இன் இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார். அவர் சிறையில் இருந்த காலத்திலும் படம் ஓடிக்கொண்டே இருந்தது. மக்கள் அவரைக் கைவிட்டிருந்தால் அது நடந்திருக்குமா?

பிரிவி கவுன்சில்வரை சென்ற வழக்கில் 1947இல் விடுதலை பெற்று வெளியே வந்தார். ஆனால் அவர் விட்டுச் சென்ற திரையுலகம் அங்கே இல்லை. பின்னணிப் பாடகர் வந்துவிட்டார். நடிகன் பாட வேண்டிய கட்டாயம் நீங்கிவிட்டது. 1948இல் 'ராஜமுக்தி' எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 1952இல் அவருடைய 'அமரகவி', 'சியாமளா' இரண்டும் வந்தன. அவ்வாண்டே 'பராசக்தி'யும் வந்தது. அதில் சிவாஜி கணேசன் பேசினார். அவருக்காகப் பாடியவர் சி. எஸ். ஜெயராமன். என் தந்தையார் பாகவதர் பாட்டைத் தனிமையில் முணுமுணுப்பார். நாலு பேர் கூடினால் 'பராசக்தி' வசனத்தை முழங்குவார். இரசிகர் கூட்டம் மாறிய விதத்தை எனக்கு விளக்கியது அதுவே.

சிறை அவருடைய நல்ல ஆண்டுகளைத் தின்றது என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் அந்த வழக்கே நேராதிருந்தாலும், ஐம்பது பாட்டுக்கு இடம்கொடுக்கும் படம் 1952இல் யாரிடம் இருந்தது?

1957இல் 'புது வாழ்வு' என்னும் படத்தைத் தாமே இயக்கி நடித்தார். அதுவும் கைகொடுக்கவில்லை. 1959 நவம்பர் முதல் நாள் சென்னையில் காலமானார். அவருடைய கடைசிப் படமான 'சிவகாமி' மறு ஆண்டில்தான் திரைக்கு வந்தது.