ரயில் விளக்கிலிருந்து ஓட்டுநர் உரிமம் வரை

ஓட்டுநர் உரிமம் கோருவோர் நிரப்பும் படிவம் 1இல், சிவப்பு, பச்சை ஆகிய நிறமி வண்ணங்களை எளிதில் பிரித்தறிய முடியுமா என்றொரு வினா இருந்தது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் அதற்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரு விடைகளையே அனுமதித்தன. ‘இல்லை’ என்ற விடை உரிமத்தை மறுக்கப் போதுமானது.

இத்தகைய வினாவின் வேர் சாலையில் இல்லை. இருப்புப் பாதையில் இருக்கிறது. 1875 நவம்பரில் சுவீடனின் லாகர்லுண்டாவில் இரு ரயில்கள் மோதி ஒன்பது பேர் மாண்டனர். உப்சாலாவின் உடலியங்கியல் பேராசிரியர் ஃப்ரித்தியோஃப் ஹோம்கிரென், ஊழியரின் நிறப்பார்வைக் குறைபாடே காரணமாகலாம் என வாதிட்டார். வண்ணக் கம்பளி நூல்களை இனம் பிரிக்கச் சொல்லும் அவரது சோதனை பல நாட்டு ரயில்வேக்களில் பரவியது. அவ்விபத்துக்கு உண்மையில் அதுவே காரணமா என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஐயுற்றுள்ளனர். ஆயினும் சோதனை நிலைத்துவிட்டது. 1917இல் ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாராவின் புள்ளித் தகடுகள் வந்தபின், அது மேலும் எளிதாயிற்று.

ரயில்வேயில் இதற்கு வலுவான நியாயம் உண்டு. இரவில், தொலைவில் எரியும் ஒற்றை விளக்கின் செய்தி அதன் நிறத்தில் மட்டுமே அடங்கியிருந்தது. சாலைச் சமிக்ஞையிலோ சிவப்பு மேலே, பச்சை கீழே. நிறத்தோடு இடமும் பேசுகிறது. மேலும், குறைபாடு ஒரே அளவினதன்று. பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் நிறங்களை அறவே இழந்தவர் அல்லர். நுண்ணிய வேறுபாடுகளில் தடுமாறுபவரே. சிவப்பொளி மங்கித் தெரிவோர்க்குத் தொலைவிலுள்ள நிறுத்தொளியைக் காண்பதில் மெய்யான இடர் உண்டு. இவ்விரு சாராரையும் அந்த வினா ஒன்றாகவே நடத்தியது.

இன்னொரு முரணும் இருந்தது. சொந்த வாகனம் ஓட்ட விழைந்த இளையோர்க்கு மருத்துவச் சான்று கட்டாயமன்று, தன்னுறுதிமொழியே போதும். எனவே உண்மையை எழுதியவர்க்கே தடை நேரும்; மறைத்தவர் கடந்து செல்லலாம்.

2020 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் படிவங்கள் 1, 1ஏ ஆகியவற்றைத் திருத்தியது. லேசான, நடுத்தரக் குறைபாடுடையோர்க்கு வழி திறந்தது. கடுங்குறைபாட்டுக்கே தடை நீடிக்கிறது. ஒரு பணிக்கென உருவான தகுதியை மற்றொரு பணிக்குப் பெயர்க்கையில் மறு ஆய்வு தேவை என்பதை ஏற்க, நமக்கு 31 ஆண்டுகள் ஆயின. வேறெந்தப் பணிகளின் உடற்தகுதிப் பட்டியல்களில் இதே பழைய வினா இன்னும் கேள்வியின்றி நீடிக்கிறது என்பது, நம் ஆய்வாளர்கள் தேட வேண்டிய அடுத்த செய்தி.