குண்டு கிராமங்களும் குடை மரியாதையும்

கெடிலம் ஆறு கடலோடு கலக்கும் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை, 1690 ஆம் ஆண்டில், செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னர் இராஜாராமிடம் ஆங்கிலக் கம்பெனியார் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை உள்ள பூமியெல்லாம் தங்களைச் சேரும் என்ற உடன்படிக்கையின்படி, சென்னையிலிருந்து தருவித்த பித்தளைப் பீரங்கியால் சுட்டு எல்லை வகுத்தனர். அவ்வெல்லைக்குள் கடலூரும் அகப்பட்டது. அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் நிலைத்தது. பூமியை அவ்விதம் அளந்தவர்களால் அங்கு வாழ்ந்த ஜனங்களின் சம்பிரதாயங்களை அளந்துவிட முடியவில்லை.

கம்பெனியார் நாடி வந்தது துணி. நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துச் சரக்குச் சேகரித்துத் தரும் உள்ளூர் வர்த்தகரையும், பேச்சுக்கு நடுநின்ற துபாஷிகளையும் விட்டால் அவர்களுக்கு வேறு கதியில்லை. ஆதலின், வந்தவரைத் தாம்பூலமும் பன்னீரும் கொடுத்து வழியனுப்பவும், பெரிய வர்த்தகருக்குச் சகலாத்துப் போர்த்தி வெகுமானம் செய்யவும், வலங்கை, இடங்கை என்னும் சாதிப் பிரிவினரின் பிணக்கில் எவருடைய ஊர்வலம் எந்தத் தெருவழியே போகலாம் என்பதற்கு மத்தியஸ்தம் பேசவும் கற்றுக்கொண்டனர்.

இவற்றுள் என் மனத்தைப் பெரிதும் கவர்வது குடை விஷயமே. நம் நாட்டில் குடை வெயிலுக்காக மாத்திரம் ஏற்பட்டதன்று. அது அந்தஸ்தின் அடையாளம். சென்னைக் கோட்டையார் பதினேழாம் நூற்றாண்டிலேயே, ஆலோசனைச் சபையார், பாதிரிமார், கப்பல் தலைவர் முதலிய சிலரைத் தவிர ஆடவர் எவரும் கவர்னரின் அனுமதியின்றிக் குடை பிடித்துச் செல்லலாகாது என்று விதித்துவிட்டனர். அவர்களுடைய சொந்த நாட்டிலோ, அதற்கு நெடுங்காலத்துக்குப் பின்னரும், ஜோனாஸ் ஹான்வே என்பவர் குடையோடு லண்டன் வீதியில் நடந்தபோது கண்டவர்கள் ஏளனம் செய்தனர். அங்கே ஆண்மைக்கு இழுக்காக எண்ணப்பட்ட ஒன்று இங்கே சட்டம் போட்டுக் காக்கவேண்டிய கௌரவமாயிற்று. கம்பெனியார் நம் சம்பிரதாயங்களைக் கற்றதைப் பணிவென்று நான் கொள்ளவில்லை. பிழைப்பின் நிர்ப்பந்தமே இவ்வளவையும் கற்பித்தது.

1746 இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது, கம்பெனியின் இளங்குமாஸ்தாவாயிருந்த கிளைவு நம்மவர் உடை தரித்து வேஷம் மாறித் தப்பிவந்து சேர்ந்த இடமும் தேவனாம்பட்டினத்துக் கோட்டையே. 1752 வரை கம்பெனியாரின் தலைமை ஸ்தானம் இங்கேயே இருந்தது. அக்காலத்தில்தான் அவர்கள் நவாபுகளின் வாரிசுச் சண்டையில் புகுந்து, வர்த்தகர் என்ற நிலை மாறிப் படைத்தலைவராயினர். வர்த்தகரின் தயவு தேவையாயிருந்தபோது கற்ற மரியாதைகளுக்கு அதன்பின் அவசியம் குறைந்தது. 1758 இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தகர்த்தான். பழைய மரியாதைகள் எவ்வளவு தேய்ந்தன என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1781 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மைசூர் ஹைதர் அலியின் காவற்படை தங்கியிருந்த சிதம்பரம் கோயிலின்மீது கம்பெனித் தளபதி ஸர் அயர் கூட் படையோடு பாய்ந்தபோது, அம்மதில்களை ஆலயத்தின் மதில்களாக எண்ண இரு தரப்பாரும் தயாராயில்லை. கூட் முறியடிக்கப்பட்டுப் பரங்கிப்பேட்டைப் பக்கம் பின்வாங்கினார். ஜூலை முதல் தேதி ஹைதருடன் அவர் பொருதது அங்கேதான்.