சாமி கிளம்பினால் ஊரும் கிளம்பும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. மேற்கே கல்வராயன் மலை, வடக்கே தென்பெண்ணை, நடுவில் கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் பூமி. அலையைப் பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு மாவட்டத்தைத் தாண்டியாக வேண்டும். இந்த நிலை வந்து அதிக காலம் ஆகவில்லை. 1993 வரை இந்த ஊர்களெல்லாம் தென்னார்க்காடு மாவட்டம். கலெக்டர் ஆபீஸ் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தது. அங்கிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை கூப்பிடு தூரம். பட்டா, அப்பீல், வழக்கு என்று மேற்குத் தாலுகாக்காரர்கள் போய் நின்ற ஊரே கடற்கரை ஊர்தான். 1993-இல் விழுப்புரம் பிரிந்தது. அப்போதும் மரக்காணம் பக்கத்துக் கடல் மாவட்டக் கணக்கில் இருந்தது. 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதுவும் போயிற்று.

நிர்வாகக் கோடுகள் கடலைத் தள்ளிக்கொண்டே போயின. பஞ்சாங்கம் தள்ளவில்லை. தை 5, மாசி மகம் என்ற இரண்டு நாட்கள் இந்த உள்நாட்டு மக்களைத் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர்க்கரைக்கு அழைத்துப் போயிருக்கின்றன. கூட்டமாகக் கிளம்புவது, வழியில் எங்கே தங்குவது, யார் சோறு போடுவது, எந்த ஊர் எந்த இடத்தில் இறங்குவது என்று எல்லாம் முன்கூட்டியே தீர்மானமான பயணம் அது. ஏற்பாட்டாளர் சாமி. உற்சவர் புறப்பட்டால் ஊரும் புறப்படும்.

ஊர் கூடிக் கடலுக்குப் போகும் வழக்கம் தமிழ் மண்ணில் எவ்வளவு பழையது என்பதற்குச் சிலப்பதிகாரமே சாட்சி. இந்திரவிழா முடிந்த கையோடு கோவலனும் மாதவியும் புகார் நகரத்திலிருந்து கடற்கரைக்குப் போவதை ‘கடலாடு காதை’ சொல்கிறது. அவன் அத்திரி என்னும் கோவேறு கழுதையில் ஏறுகிறான், அவள் வண்டியில். விடியுமுன்னே கிளம்பிக் கடைத்தெரு வழியாகப் போகிறார்கள். இளங்கோ அங்கே எரியும் விளக்குகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் இடம் அற்புதமானது: சாந்தும் பூவும் விற்பவர் விளக்கு, பலகாரம் விற்பவர் விளக்கு, அப்பம் சுடுபவர் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு, கலங்கரை விளக்கு. கடற்கரையில் தின்பண்டக் கடை போடும் தொழிலுக்கு இதைவிடப் பழைய ஆவணம் தேட வேண்டியதில்லை. பட்டினப்பாலையோ, பாவம் போகக் கடலிலும் உப்புப் போக ஆற்றிலும் குளிக்கும் கூட்டத்தைக் காட்டுகிறது. முதலில் கடல், பிறகு நல்ல தண்ணீர் என்ற முறை அப்போதே வந்துவிட்டது.

மாசியில் கடலாடும் வழக்கத்துக்குத் தனிச் சான்று ஏழாம் நூற்றாண்டில் கிடைக்கிறது. மயிலாப்பூரில் மாதந்தோறும் நடக்கும் விழாக்களைப் பூம்பாவைப் பதிகத்தில் அடுக்கும் சம்பந்தர், மாசிக் கடலாட்டையும் அதில் சேர்க்கிறார். அந்த நாளைத் தேர்ந்தவர்கள் உழவு தெரிந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். சம்பா அறுத்து, நெல் வீட்டுக்கு வந்து, கையில் நாலு காசு புழங்கும் காலம் மாசி. வடகிழக்குப் பருவமழை முடிந்து கடல் அடங்கியிருக்கும். சித்திரை வெயில் இன்னும் வரவில்லை. மகம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் இரவெல்லாம் நிலா. மாட்டு வண்டிக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? மாடு களைக்காமல் குளிர்ந்த நேரத்தில் நடக்கும்; பாதை தெரியும்; கூண்டு வண்டிக்குள் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்.

ஆனாலும் கணக்கு ஒன்று இடித்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து கடலூர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வண்டி மாடு ஒரு நாளைக்கு 25, 30 கிலோமீட்டர் இழுத்தால் அதிகம். போக மூன்று நாளுக்கு மேல், வர மூன்று நாளுக்கு மேல். கறவையையும் களத்தையும் விட்டுவிட்டு எத்தனை பேரால் அப்படிக் கிளம்ப முடியும்? அதனால்தான் இந்தப் பக்கத்து மக்களில் பெரும்பாலோருக்குக் கடலின் இடத்தை ஆறு எடுத்துக்கொண்டது.

அந்த ஆறுகளைக் கொஞ்சம் பின்தொடர வேண்டும். கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் இறங்குகிறது. கோமுகி மணிமுக்தாவில் சேர, மணிமுக்தா விருத்தாசலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளாற்றில் விழ, வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைப் பிடிக்கிறது. மாசி மகத்தன்று இந்த வழி நெடுகிலும் கூட்டம்தான். விருத்தாசலத்தில் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் பெருவிழா மாசி மகம், தீர்த்தவாரி மணிமுக்தாற்றில். முன்னோருக்குத் திதி கொடுப்பவர்கள் விடியலிலேயே ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிடுவார்கள். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்துக் குடும்பங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்த பெரிய தீர்த்தம் அது.

அதே நாளில் ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் இன்னும் கிழக்கே போய்விடுகிறார். வெள்ளாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிள்ளைதான் அவருக்குக் கடற்கரை. நாட்கணக்கில் ஊர் ஊராக மண்டகப்படி ஏற்றுக்கொண்டு போகும் பயணம் இது. கிள்ளையில் பெருமாள் அங்குள்ள தர்காவின் முன் நிற்பதும், தர்கா சார்பில் வரவேற்பு நடப்பதும், பெருமாளுக்குச் சாத்திய மாலை தர்காவுக்குப் போவதும் வழிவழியாக நடந்துவருகின்றன. உள்நாட்டுச் சாமி ஒன்று கடற்கரைக்குப் போனால் அந்தக் கரையில் வாழ்பவர்கள் அதை எப்படி எதிர்கொள்வார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் மாசி மகத்துக்குத் திருமலைராயன்பட்டினம் வரும்போது மீனவர்கள் அவரை ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிட்டுத் தோளில் தூக்கிக்கொள்வதும் இதே வகை. கடல் யாருடையதோ அவர்களே விருந்தளிப்பவர்கள். மேட்டு நிலத்துக் கோயில் அன்றைக்கு விருந்தாளி.

புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் இந்த விருந்து மிகப் பெரியது. தீவனூர் பிள்ளையாரும் மயிலம் முருகனும் செஞ்சி ரங்கநாதரும் பக்கத்துக் கிராமங்களின் சாமிகளும் அங்கே ஒரே மணலில் வரிசையாக நிற்பார்கள். 1954 நவம்பர் வரை அந்தக் கடற்கரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தென்னார்க்காட்டு பக்தருக்கு அது வேறொரு அரசின் மண்.

கள்ளக்குறிச்சிக்கே உரிய தண்ணீர்த் திருநாள் என்றால் அது தை 5. ஆற்றுத் திருவிழா. சென்னையில் காணும் பொங்கலுக்கு மெரினா நிரம்புகிறது; அதற்கு இரண்டு நாள் கழித்துத் தென்பெண்ணையின் இரு கரையும் நிரம்பும். திருக்கோவிலூர் தாலுகா மணலூர்ப்பேட்டையில் அன்றைக்குத் திருவண்ணாமலை அருணாசலேஸ்வரரே வந்து தீர்த்தவாரி கொள்கிறார். கார்த்திகை தீபத்துக்கு உலகமே தேடிப்போகும் அண்ணாமலையார், வருஷத்தில் ஒரு நாள் தாமே கிளம்பி இந்த ஆற்று மணலுக்கு வருகிறார். சுற்றுவட்டாரக் கிராமங்களின் அம்மனும் பிள்ளையாரும் பெருமாளும் கூடவே வந்து சேர்கிறார்கள். ஒரு காலத்தில் தோளிலும் மாட்டு வண்டியிலும் வந்தவர்கள் இப்போது டிராக்டரிலும் மினி லாரியிலும் பூ அலங்காரத்தோடு வருகிறார்கள்.

சாமி தண்ணீரில் இறங்கி ஏறியதும் மற்ற வேலை ஆரம்பமாகும். கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு மணலில் பிரிக்கப்படும். கரும்பு, மொச்சை, சுருளிக்கிழங்கு, அப்பளம், வளையல், பலூன், ராட்டினம். சுருளிக்கிழங்கு இந்த வட்டாரத்தில் ஆற்றுத் திருவிழாவோடு சேர்ந்தே நினைவுக்கு வரும் பண்டம். வாங்காமல் வீடு திரும்பினால் போய்வந்த மாதிரியே இருக்காது. கட்டிக்கொடுத்த பெண்கள் தாய்வீட்டாரைச் சந்திப்பதும், பெரியவர்கள் மணலிலேயே உட்கார்ந்து சம்பந்தப் பேச்சை ஆரம்பிப்பதும் இங்கேதான். வயலையும் அடுப்பையும் விட்டு நகர முடியாத பெண்களுக்கு, காரணம் கேட்காமல் வீடு அனுப்பிவைத்த பயணங்கள் எத்தனை இருந்திருக்கும்? சாமியோடு போகிறேன் என்று சொன்னால் மாமியாரும் மறுக்க முடியாது. இந்த வழக்கத்தின் மிகப் பெரிய நன்மை இதுதான் என்று தோன்றுகிறது.

மேற்கு நாடுகளின் கதையோடு இதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இங்கிலாந்தில் ஒரு நாள் கடற்கரைப் பயணத்தைப் பெற்றெடுத்தது ரயில். 1841 ஜூலை 5-இல் தாமஸ் குக் ஐந்நூறு பேர் அளவில் திரட்டி, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கி, லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குத் தனி ரயிலில் கூட்டிப்போனார். அது மதுவிலக்குக் கூட்டத்துக்கான பயணம். அதே ஆண்டு செப்டம்பரில் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 1871-இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தபிறகுதான் அங்கே பொதுவான விடுமுறை நாட்களுக்குச் சட்டத்தின் துணை கிடைத்தது. தென்னார்க்காட்டில் விடுமுறை முதலில் இருந்தது, கூட்டமும் இருந்தது. வாகனம்தான் பின்னால் வந்தது.

வந்ததும் சுற்றி வளைத்துத்தான் வந்தது. விழுப்புரம்–புதுச்சேரி ரயில் 1879 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. அதன் பலன் பாதையோரத்து ஊர்களுக்கு மட்டும். சேலம்–விருத்தாசலம் பாதை சின்னசேலம் வழியே போனதால் கள்ளக்குறிச்சி நகரத்தார் ரயிலுக்கு அங்கே போக வேண்டியிருந்தது. திருக்கோவிலூர்க்காரர்களுக்குக் கடலூர்–சித்தூர் சாலை கை கொடுத்தது. பண்ணுருட்டி வழியாக நேரே கடலில் கொண்டு சேர்க்கும் பழைய சாலை அது.

உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது பஸ். 1975-இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. ஒரு வார வண்டிப் பயணம் ஒரே பகலில் அடங்கிப்போனது பஸ் கிராமம் கிராமமாக நுழைந்த அந்தக் காலத்தில்தான். அதிகாலையில் ஏறினால் கடலூரில் குளித்துவிட்டு இரவு வீட்டுச் சோறு சாப்பிடலாம். தேவனாம்பட்டினத்தில் திருவந்திபுரம் தேவநாதப் பெருமாளும் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரரும் இறங்கும் மாசி மகத் தீர்த்தவாரி, மேற்குத் தாலுகா மக்களுக்கு அன்றைக்கே போய்த் திரும்பும் காரியமாயிற்று.

கல்வராயன் மலைக்கு அந்தக் காலம் இன்னும் தாமதமாகத்தான் வந்தது. மலையாளி பழங்குடியினரின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. கரிராமர் அவர்களுடைய பெரிய தெய்வம். நாடு சுதந்திரம் அடைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் மலை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. 1970களின் நடுவில்தான் அந்த ஆட்சி முடிவுக்கு வந்தது. சாலையும் பள்ளியும் அதற்குப் பிறகு ஏறியவை. கடலில் போய்ச் சேரும் தண்ணீர் பிறக்கும் இடத்திலேயே வாழ்ந்தவர்கள், கடலைப் பார்ப்பதற்கு மற்றெல்லோரையும்விட அதிக காலம் காத்திருந்தார்கள்.

பஸ் வந்த பிறகு சாமி இல்லாமலும் கூட்டம் கிளம்பக் கற்றுக்கொண்டது. பள்ளிக்கூடச் சுற்றுலா, மகளிர் குழு டூர், சீட்டு கட்டிச் சேர்த்த பணத்தில் வேன் பிடித்துப் போகும் தெருக்காரர்கள். வழக்கமான வழி ஒன்றும் உருவாகிவிட்டது: 1872-இல் வள்ளலார் திறந்த வடலூர் சத்திய ஞான சபை, சிதம்பரம், ‘இதயக்கனி’ எடுத்த பிச்சாவரம், கடைசியாகக் கடலூர் சில்வர் பீச். அந்தப் பிச்சாவரம் கிள்ளைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பூவராகப் பெருமாள் போகும் கரைக்கே, வேறு காரணம் சொல்லிக்கொண்டு வேன்களும் போகின்றன.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து நடக்கிறது. கோடை விழாவுக்கும், பெரியார், மேகம் அருவிகளுக்கும், கரியாலூர் படகுக் குழாமுக்கும் சமவெளிக் கூட்டம் ஒரே நாளில் மலையேறி இறங்குகிறது.

ஆற்றுத் திருவிழாவின் நிலைமைதான் கவலை தருகிறது. தென்பெண்ணையில் மணல் அள்ளியது ஆற்றின் படுகையையே மாற்றிவிட்டது. உட்கார மணல் இருந்த இடங்களில் பள்ளமும் கருவேல முள்ளும். மழை பொய்த்த ஆண்டுகளில் தீர்த்தவாரிக்கே தண்ணீர் தேட வேண்டியிருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டபோது அதே ஆறு கரை மீறி ஊர்களுக்குள் புகுந்தது. காய்ந்தால் ஒரேயடியாகக் காய்கிறது, வந்தால் வாரிக்கொண்டு போகிறது. மணலூர்ப்பேட்டைக்கு வரும் கூட்டம் குறையவில்லை. மணல் குவாரிக்கு உரிமம் கொடுப்பவர்களும் தடுப்பணைக்கு வரைபடம் போடுபவர்களும் தை 5 அன்று எந்தத் துறையில் எந்த ஊர்ச் சாமி இறங்குகிறது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த இடங்களையாவது தொடாமல் விட வேண்டும். அது எழுத்தில் எங்கும் தேட வேண்டியதில்லை. கரையோர ஊர்களின் கோயில் பெரியவர்களுக்கு அத்தனையும் மனப்பாடம்.