நீரடிமுத்து எண்ணெயும் டிச்பல்லி ஆஸ்பத்திரியும்

ஹைதராபாத்திலிருந்து நிஜாமாபாத் மார்க்கத்தில் ரயிலில் செல்லும் நம் அன்பர்கள் டிச்பல்லி என்ற சிறிய ஸ்டேஷனைப் பார்த்திருக்கலாம். சிற்பங்கள் நிறைந்த பழைய ராமாலயத்தைத் தரிசிக்கச் சிலர் அங்கே இறங்குவதும் உண்டு. நிஜாம் காலத்தில் அந்த ஊருக்கு வேறொரு பெயர் இருந்தது. கை கால் மரத்துப் போனவர்கள் நம்பிக்கையோடு தேடிச் சென்ற ஊர் அது. அவர்களுக்கு அங்கே கிடைத்தது நம் நாட்டு மரம் ஒன்றின் விதையிலிருந்து ஆட்டிய எண்ணெய்.

அந்த மரத்தைத் தமிழில் நீரடிமுத்து என்றும் மரவெட்டி என்றும் சொல்வார்கள். சம்ஸ்க்ருதத்தில் துவரகம். மேற்குத் தொடர்ச்சி மலையில், பெரும்பாலும் நீரோடைகளின் ஓரமாக வளர்வது. சுச்ருத ஸம்ஹிதையின் சிகித்ஸா ஸ்தானம் இதை மேற்குக் கடற்கரைப் பிரதேசத்து மரம் என்று அடையாளம் சொல்லி, மழைக்காலத்தில் பழத்தைச் சேகரித்து எண்ணெய் எடுத்து உள்ளுக்குச் சாப்பிடும் முறையையும் விவரிக்கிறது. தோல் உணர்ச்சியற்றுப் போவதைக் குஷ்டத்தின் முன் அறிகுறிகளில் ஒன்றாகவும் அந்நூல் கூறுகிறது. ஆயுர்வேதத்தில் குஷ்டம் என்பது பதினெட்டு வகைத் தோல் வியாதிகளுக்குப் பொதுப் பெயர். இன்று நாம் தொழுநோய் என்பது அவற்றில் அடங்கும். ஆனால் அது மட்டுமே குஷ்டம் அல்ல.

தொழுநோயைத் தோல் வியாதி என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது நரம்பு வியாதி. 1873-ல் நார்வே நாட்டு ஹான்சன் கண்டறிந்த கிருமி, கை கால்களுக்குச் செல்லும் நரம்புகளின் உறையில் குடியேறுகிறது. நரம்பு வீங்கித் தடிக்கிறது, பிறகு செயலிழக்கிறது. முழங்கையில் ஓடும் நரம்பு கெட்டால் விரல்கள் மடங்கிவிடும். முழங்காலுக்கு வெளிப்பக்கத்து நரம்பு கெட்டால் பாதம் தொங்கிவிடும். விரல் தானாக அழுகி விழுவதில்லை. அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கும்போது சுடுவது தெரியாது, காலில் முள் தைத்தால் வலி தெரியாது. அந்தக் காயங்கள்தான் புண்ணாகி அங்கத்தைக் குறைக்கின்றன.

ஸ்காட்லாந்திலிருந்து 1907-ல் கணவருடன் வந்த டாக்டர் இஸபெல் கெர் அம்மையார், நிஜாமாபாத் பக்கம் இப்படிப்பட்ட நோயாளிகளைக் கண்டு மனம் வருந்தினார். ராஜா நரசா கௌட் என்ற ஹிந்து செல்வந்தர் பெரும் பொருள் கொடுத்தார். 1915-ல் டிச்பல்லியில் விக்டோரியா தொழுநோய் மருத்துவமனை எழுந்தது. முஸ்லிம் மன்னரின் ராஜ்யம், கிறிஸ்தவ டாக்டர், ஹிந்து தனவான்! இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எண்ணெயை வாய்வழியாகக் கொடுத்தால் குமட்டலும் வாந்தியும் தாங்க முடியாது. எனவே அந்த ஆண்டுகளில் உலகின் பல மூலைகளில் அதை ஊசியாகப் போட முயன்றார்கள். ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம் ரசாயன நிபுணர், உடலில் எளிதாகக் கலக்கும் வடிவத்தில் இதைப் பிரித்தெடுத்தார்; 1916-ல், 24 வயதில் காலமாகிவிட்டார். கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸும் பின்னர் எர்னஸ்ட் மியூரும் ஊசி முறையை வளர்த்தார்கள். அதையே கெர் அம்மையார் டிச்பல்லியில் கையாண்டார். மரத்துப் போன திட்டுகளுக்குள்ளேயே தோலில் பல இடங்களில் குத்திச் செலுத்துவார்கள். வலி கடுமை, சில சமயம் கட்டியும் வரும். அப்படியிருந்தும் ஜனங்கள் வந்தார்கள்! அதற்கு முன் அவர்களுக்கு வைத்தியம் என்று ஒன்றுமே கிடையாது. ஊருக்கு வெளியே ஒதுக்கிவைப்பதுதான் வழக்கம்.

எண்ணெய் குணப்படுத்தியதா? ஆரம்ப நிலையில் இருந்தவர்கள் பலருக்குத் திட்டுகள் மங்கின. ஆனால் இந்நோயின் லேசான வகை சிலருக்குத் தானாகவே அடங்கிவிடும் என்பது இன்று தெரிந்த விஷயம். எனவே எண்ணெயின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. முற்றிய நோய்க்கு அது போதவில்லை. செத்த நரம்பை உயிர்ப்பிக்கவும் இல்லை. என் அபிப்பிராயத்தில் அந்த எண்ணெய் செய்த பெரிய காரியம், வியாதியை மறைத்து வைத்திருந்தவர்களை ஆரம்பத்திலேயே டாக்டரிடம் வரவழைத்ததுதான்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. 1920-களில் டிச்பல்லியில் இந்த எண்ணெய் வைத்தியத்தில் ஈடுபட்டிருந்த டாக்டர் ஜான் லோ, பின்னர் நைஜீரியா சென்று, 1940-களின் இறுதியில் டாப்சோன் என்ற மலிவான மாத்திரையை வாய்வழியாகவே கொடுத்து நோயைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டியவர்களில் முக்கியமானவர். ஏறக்குறைய அதே காலத்தில் நம் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் ராபர்ட் காக்ரேன் அம்மருந்தைப் பரீட்சித்தார். எண்ணெய் ஊசியின் காலம் முடிந்தது. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைச் சிபாரிசு செய்தது. நரம்பு வீக்கத்துக்கு இப்போது ஸ்டீராய்டு மாத்திரை தருகிறார்கள். உணர்ச்சி போய் ஆறு மாதத்துக்குள் ஆரம்பித்தால் நரம்பு மீள நல்ல வாய்ப்பு உண்டு. தாமதித்தால் வாய்ப்புக் குறைகிறது.

நம் அகங்களில் கால் மரத்தால் முதலில் பிண்டத் தைலத்தையோ, வெதுவெதுப்பான நல்லெண்ணெயையோ தேடுகிறோம். தேய்ப்பது இதமாக இருக்கும், தவறில்லை. ஆனால் அந்த இதத்திலேயே ஆறு மாதம் ஓடிவிடக்கூடும். நம்மில் பலருக்கு மரத்துப் போவதற்குக் காரணம் சர்க்கரை வியாதியாகவோ, வைட்டமின் பி12 குறைவாகவோ இருக்கும். சுத்த சைவ உணவுக்காரர்களான நமக்கு இந்த பி12 விஷயம் முக்கியம். இவையும் எண்ணெயால் தீருபவை அல்ல, ரத்தப் பரிசோதனையில் தெரிபவை.

ஹைதராபாத் குகட்பல்லியில் 1958-ல் ராணி குமுதினி தேவி தொழுநோயாளருக்காக ஒரு இல்லம் தொடங்கினார். பின்னாளில் 1962-ல் நகரின் முதல் பெண் மேயரானவர். அந்த இல்லத்துக்கு அவர் வைத்த பெயர், தம் குருவான சிவானந்தரின் பெயர். நம் பத்தமடையில் பிறந்து, மலாயாவில் டாக்டராக இருந்து, ரிஷிகேசத்தில் தவமிருந்த அதே சுவாமிகள்தான்.

தோலில் வெளிறிய அல்லது சிவந்த திட்டு இருந்து, கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் தொட்டால் அங்கே தெரியவில்லை என்றால், அதுவே டாக்டரிடம் போகப் போதுமான காரணம். கூட்டு மருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. நோயின் வகையைப் பொறுத்து 6 முதல் 12 மாதம் சாப்பிட வேண்டும்.