பழைய கேம்பர் வானும் ஒரு துண்டு றப்பர்க் குழாயும்

வோக்ஸ்வேகன் கேம்பர் வானை எங்களில் கனபேர் நேரில பார்த்ததில்லை. ஆனால் ரீசேட்டிலயும் போன் கவரிலயும் பார்த்தே அதோட ஒரு நேசம் வந்திட்டுது. பயணம், சுதந்திரம், கடற்கரை எண்டு அதைச் சுற்றி ஒரு கதை கிடக்கு. அந்த வான்களில் பல துருப்பிடித்து அழிந்தன. வேறு சில எரிந்து போயின. எரிந்ததற்குப் பல நேரம் காரணம், விரல் மொத்தம்கூட இல்லாத பெற்றோல் குழாய்.

1947 இல் நெதர்லாந்தைச் சேர்ந்த வாகன இறக்குமதியாளர் பென் பொன் தன் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பெட்டி வண்டியை வரைந்தார். சாரதி முன்னுக்கு, எஞ்சின் பின்னுக்கு, நடுவில சாமான். 1950 மார்ச்சில் ஜேர்மனியின் வொல்ஃப்ஸ்பேர்க்கில் உற்பத்தி தொடங்கியது. அடுத்த வருடமே வெஸ்ற்ஃபாலியா நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலுமாரியும் பொருத்தக் கொடுத்தது. கேம்பர் வான் பிறந்தது இப்படித்தான்.

எஞ்சின் பின்னுக்குப் போனதால் பெற்றோல் தாங்கியும் அதுக்குக் கிட்டவே வந்தது. தாங்கி உயரத்தில் இருப்பதால் பெற்றோல் தானாகவே பம்பை நோக்கி இறங்கும். வசதிதான். ஆனால் குழாய் வெடித்தால், எஞ்சினை நிப்பாட்டினாலும் ஒழுகல் நிக்காது. பக்கத்திலேயே சூடான எஞ்சினும் தீப்பொறி வரும் இடங்களும். காபரேற்றர் வைத்த பழைய எஞ்சின்கள் பலவற்றின் உடல் மக்னீசியம் கலப்புலோகம். அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

அந்தக் காலக் குழாயின் உள்ளே றப்பர், வெளியே பருத்தி நூல் பின்னல். பார்க்க வடிவுதான். ஆனால் உள்ளே றப்பர் வெடித்ததைப் பின்னல் மறைத்துவிடும். 1975 இலிருந்து அமெரிக்காவுக்குப் போன வான்களில் காபரேற்றருக்குப் பதிலாகப் பெற்றோலைப் பீச்சியடிக்கும் முறை வந்தது. அழுத்தம் கிட்டத்தட்டப் பத்து மடங்கு கூடியது. சின்னச் சின்னக் குழாய்த் துண்டுகளும் கூடின. முன்பு சொட்டின இடத்தில் இப்ப சீறும்.

இன்னொரு பக்கம், பெற்றோலே மாறியது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975 இல் பிரேசில் கரும்பிலிருந்து எடுக்கும் எதனோலை வாகன எரிபொருளாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 10 வீதம் எதனோல் கலந்த பெற்றோல் ஜேர்மனிக்கு 2011 இல் வந்தது. பிரித்தானியாவில் 2021 இல் வழமையான பெற்றோலே அதுவானது. பழைய றப்பர் எதனோலில் ஊதும், இளகும், பிறகு வெடிக்கும். வான் அப்படியேதான் நிண்டது. அதுக்குள்ள ஓடினது மாறிப்போச்சு.

அதனால் திருத்த வேலையில் ஒழுகுகிற துண்டை மட்டும் மாற்றினால் போதாது. அதே வயசுக் குழாய் எல்லாத்தையும் ஒண்டாக மாற்றவேணும். முதலில் பற்றரியைக் கழற்றி, எஞ்சின் ஆறின பிறகு, திறந்த வெளியில் பெற்றோலை வடித்துவிட வேணும். எதனோலைத் தாங்கும் குழாயாக, அந்த எஞ்சினின் அழுத்தத்துக்கு ஏற்றதாக வாங்கவேணும். கிளிப் றப்பரை வெட்டாத வகையாக இருக்கவேணும். எஞ்சின் அறைத் தகரத்தைக் கடந்து வருகிற இடத்தில் றப்பர் வளையம் இருக்கா எண்டும் பாருங்கோ. அது இல்லையெண்டால் தகர விளிம்பு மெல்ல மெல்ல அரிச்சுப்போடும்.

சிலர் "ஒறிஜினல்" கெடக்கூடாது எண்டு பழைய குழாயையே வைத்திருப்பார்கள். நாங்கள் இதை ஏற்கவில்லை. பிரேசிலில் இந்த வான் 2013 வரைக்கும் செய்யப்பட்டது. 2005 இன் முடிவிலேயே அங்கே காற்றால் குளிரும் எஞ்சினைக் கைவிட்டு, பெற்றோலிலும் எதனோலிலும் ஓடும், தண்ணீரால் குளிரும் எஞ்சினை வைத்தார்கள். பழைய உருவத்தைக் காப்பாற்ற உள்ளுக்கு இருக்கிறதை மாற்றத்தான் வேணும் எண்டு செய்தவர்களுக்கே விளங்கியிருந்தது.

பழைய வான் வைத்திருக்கிற ஆரையும் கண்டால், எந்த வருட மொடல் எண்டு கேக்க முதல் குழாய் எப்ப மாத்தினது எண்டு கேளுங்கோ.