எண்ணுக்குள் இருந்த பெண்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் வழியில் ஆமத்தூர் இருக்கிறது. இந்தப் பட்டாசுச் சீமையில் எங்காவது ஓர் ஆலை வெடித்தால், மறுநாள் பத்திரிகையில் முதலில் வருவது எண்தான். மாண்டவர் இத்தனை, காயம் பட்டவர் இத்தனை. நாலு நாளில் அந்த எண்ணும் மறந்துபோகும். மாண்டவள் எப்படிச் சிரிப்பாள், எதற்குக் கோபிப்பாள் என்பதெல்லாம் அவள் வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த சரித்திரம். விபத்துக்கே இந்தக் கதி என்றால் யுத்தத்தைப் பற்றிக் கேட்பானேன்?

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் அப்படி எண்ணாகிப் போகாமல் தப்பிய ஒரு பெண் உண்டு. டாக்டர் ராஜினி திராணகம. நாலு சகோதரிகளில் இரண்டாமவர். சிங்களவரான தயாபால திராணகமவை மணந்து இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாயானவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தார்.

அக்காள் நிர்மலா விடுதலைப் புலிகளுக்கு ஆதரவாக இருந்து, 1982-ல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ச் சிறை சென்றவர். ராஜினியும் ஆரம்பத்தில் அந்த இயக்கத்தை நம்பினார். பிறகு அதன் போக்குப் பிடிக்காமல் விலகினார். மேற்படிப்புக்காக இங்கிலாந்து போனவர், அங்கேயே சௌகரியமாக இருந்துவிடாமல் 1986-ல் ஊர் திரும்பினார்.

1987 அக்டோபரில் இந்திய அமைதிப் படைக்கும் புலிகளுக்கும் யுத்தம் மூண்டது. ஜனங்கள் நடுவில் அகப்பட்டுக்கொண்டார்கள். ராஜினி வீடு வீடாகப் போய், பெண்கள் பட்ட துயரைக் கேட்டு எழுதினார். இலங்கை ராணுவம், இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் என்று யார் செய்த கொடுமையானாலும் ஒரே தராசில் நிறுத்தார். சகாக்கள் மூவருடன் சேர்ந்து அவர் எழுதிய நூலே ‘முறிந்த பனை’. பயம் ஆட்சி செய்யும் ஊரில் இப்படிக் கணக்கு எழுதுகிறவரை எந்தக் கட்சி மன்னிக்கும்?

1989 செப்டம்பர் 21. வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது, வீட்டுக்குச் சமீபத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 35. புலிகளே கொன்றார்கள் என்பது குடும்பத்தாரின் குற்றச்சாட்டு. நூல் அச்சாகி 1990-ல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

2005-ல் கனடா தேசியத் திரைப்பட வாரியம், ஹெலன் க்ளோடாவ்ஸ்கியின் இயக்கத்தில், அவருடைய வாழ்க்கையை ஆவணப் படமாக எடுத்தது. ‘இனி அழவேண்டாம், சகோதரி’ என்று பொருள்படும் படத்தின் பெயர், அந்த நூலில் ராஜினி எழுதிய அத்தியாயத்தின் தலைப்பேதான். கதை சொல்லும் குரல், இலங்கையில் பிறந்த நாவலாசிரியர் மைக்கேல் ஒண்டாச்சியுடையது. கணவரும் சகோதரியும் மக்களும் பேசுகிறார்கள். மகள் ஷாரிகாவே ராஜினியாக நடித்திருக்கிறார். இறந்த தாயின் வேஷத்தை மகள் ஏற்பதா! கதை எழுதுகிறவன்கூட இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்யத் தயங்குவான்.

நிர்மலாவின் பேச்சுத்தான் மனத்தை அதிகம் தைக்கிறது. தங்கைக்கு இயக்கத்தின் வாசலைக் காட்டியவர் அவர். தங்கை போன துக்கத்தோடு அந்தக் கணக்கையும் அவர் சுமக்க வேண்டியிருக்கிறது. அதை ஒளிக்காமல் உலகத்தின் முன் பேசுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

யுத்தம் 2009-ல் முடிந்தது. மாண்டவர் எத்தனை என்று இன்னமும் தர்க்கம் நடக்கிறது. தர்க்கிப்பவர்கள் எண்ணைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஓர் உயிர் உண்டு என்பதை, ஒரு குடும்பம் வாய் திறந்ததால்தான் நாம் அறிந்தோம். வாய் திறவாத வீடுகள் எத்தனையோ!