டோரன்ட்டில் கடை விரித்த ஹாலிவுட்

டோரன்ட் என்றதும் திருட்டுப் படம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் அதே டோரன்ட்டில் வார்னர் பிரதர்ஸும் பாரமவுண்டும் காசு வாங்கிக்கொண்டு படத்தை வாடகைக்கு விட்ட காலம் ஒன்று உண்டு. அதற்கும் முன்னால் ஒரு இந்திப் படம் இந்த வேலையைச் செய்து பார்த்துவிட்டது!

பதம் குமார் இயக்கத்தில் உதய் சோப்ரா, நந்திதா தாஸ் நடித்த 'சுபாரி' 2003-ல் வந்தது. தியேட்டரில் ஓடவில்லை. அதே ஆண்டின் கடைசியில், கசா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளில், ஆல்ட்நெட் நிறுவனம் வழியாக முழுப் படமும் விற்பனைக்கு வந்தது. விலை 2.99 டாலர். ஹாலிவுட் கம்பெனிகள் கசா மேல் வழக்குப் போட்டு கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்த நேரம் அது.

சரி, உள்ளூரில் யார் வாங்கியிருக்க முடியும்? 2004-ல் மத்திய அரசு 'பிராட்பேண்ட்' என்று வரையறுத்த வேகமே 256 கேபிபிஎஸ்தான். அதில் 700 எம்பி படம் இறங்க ஆறு மணி நேரம் ஆகும். பிறகு வந்த பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் திட்டங்கள் சிலவற்றில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை. ஆறு மணி நேரம், ஒரு படம். எத்தனை வீடுகளில் கம்ப்யூட்டர் விடிய விடிய ஓடியதோ!

பிட்டோரன்ட்டை பிராம் கோகன் என்ற அமெரிக்கர் 2001-ல் எழுதினார். முதலிபாளையம் சிட்கோ பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஒரு டி-ஷர்ட் ஆர்டர் ஒரே கூரைக்குக் கீழே முடிவது குறைவு. நிட்டிங் ஓரிடம், சாயப்பட்டறை ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், தையல் வேறிடம். டோரன்ட்டிலும் படம் துண்டு துண்டாகப் பலருடைய கம்ப்யூட்டர்களில் இருந்து வந்து சேரும். ஒரே வித்தியாசம், இங்கே ஜாப் ஒர்க் செய்தால் கூலி உண்டு. அங்கே துண்டு கொடுப்பவருக்கு, தானும் துண்டு வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் கூலி.

2005-ல் எம்.ஜி.எம். முதல் வாதியாக நின்ற குரோக்ஸ்டர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டூடியோக்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. 2006 மே மாதம் வார்னர் பிரதர்ஸ் பிட்டோரன்ட் நிறுவனத்தோடு கைகோத்தது. 2007 பிப்ரவரி 26-ல் கடை திறந்தபோது ஃபாக்ஸ், பாரமவுண்ட், லயன்ஸ்கேட் ஆகியவற்றோடு அதே எம்.ஜி.எம்.மும் உள்ளே இருந்தது! பழைய படம் 2.99 டாலர், புதுப்படம் 3.99. படத்தை விலைக்கு வாங்க முடியாது, வாடகைக்கு மட்டும்தான். பார்க்க ஆரம்பித்த 24 மணி நேரத்தில் பூட்டிக்கொள்ளும். விண்டோஸில் மட்டும் ஓடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சர்வர் செலவு மிச்சமாவது கம்பெனிக்கு. அந்தச் செலவைத் தன் இணைப்பிலிருந்து சுமப்பது வாடிக்கையாளர். அவர் காசும் கொடுக்க வேண்டும், மறுநாள் படமும் இருக்காது. பக்கத்துத் தெருவில் அதே படம் பூட்டில்லாமல் இலவசமாகக் கிடைக்கிறது. 2008-ல் கடை மூடப்பட்டதில் ஆச்சரியம் என்ன?

தமிழ்த் தயாரிப்பாளர்கள் இந்த வழிக்கே வரவில்லை. 2007-ல் மோசர் பேயர் 28 ரூபாய்க்கு வி.சி.டி., 34 ரூபாய்க்கு டி.வி.டி. என்று இறங்கியதுதான் திருட்டு டிஸ்க்குக்கு விலையிலேயே கொடுத்த பதில். மற்றபடி கோர்ட்தான். 2012-ல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவை வைத்து இணைய நிறுவனங்கள் முழுத் தளங்களையே முடக்கிவிட்டன. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் முடக்கினால் போதும் என்று ஜூன் மாதம் நீதிமன்றமே விளக்கம் தர வேண்டியதாயிற்று.

புது வழி தேடியவர்களுக்கும் வரவேற்பு இல்லை. 2013-ல் 'விஸ்வரூபம்' படத்தை ஆயிரம் ரூபாய்க்கு டி.டி.எச்.சில் முதலில் காட்டப்போவதாக கமல் சொன்னதும் தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள், திட்டம் நின்றது. 2015-ல் சேரன் 'சினிமா டு ஹோம்' என்று ஆரம்பித்து தன் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை'யை நேரடியாக டி.வி.டி.யில் கொண்டுவந்தார். அதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் ஊரடங்கு வந்து, 2020 மே 29-ல் 'பொன்மகள் வந்தாள்' தியேட்டருக்கே போகாமல் அமேசான் பிரைமில் வெளியானது. தியேட்டர்காரர்கள் அதற்கும் கோபப்பட்டார்கள். டோரன்ட்டிலும் அது உடனே வந்துவிட்டது.